வெண்பாவின் அடுக்களையும் கொள்ளேகாலின் எல்லைக்கோடும்

2023 சூலை 31ஆம் நாள் ‘வெண்பா’ என்னும் காணொளி விளையாட்டு வெளியானது. டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் ஆக்கம் அது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையர். அங்கே பிறந்து வளரும் மகன் கவின். மூவரையும் பிணைக்கும் ஓர் அடுக்களை. கதை இவ்வளவே. 2024இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசும், முதற்படைப்புக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தன. தமிழ்ச் சமையலையே ஆட்டமாக்கி, ஒரு யாப்பின் பெயரைத் தாய்க்குச் சூட்டிய படைப்பொன்று இவ்வளவு தொலைவு சென்றது குறித்து நம் பல்கலைக்கழகத் துறைகளில் போதிய உரையாடல் நிகழவில்லை என்பதே இப்பதிவுக்குக் காரணம்.

விளையாடியோரின் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பான்மையோர் ஒரே தொடரில் அதைச் சுருக்கிவிடுகின்றனர்: “வேறாயிருப்பதற்கு நாணாதே என்று சொல்லும் கதை.” அன்பான சுருக்கம்தான், ஆயினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. வேறாயிருத்தல் என்பதை அது கவினின் மனத்துக்குள் வைத்துவிடுகிறது. அவன் நாணத்தை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மை எண்ணச் செய்கிறது. ஒருவரை வேறானவராக ஆக்குவது எது என்னும் வரலாற்றுக் கேள்வி அங்கே எழுவதே இல்லை. கொள்ளேகால் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்ப்பவருக்கு அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

முதலில் விளையாட்டுகளின் வரலாற்றைக் காண்போம். 1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சண்டை விளையாட்டில் தால்சிம் என்றோர் இந்தியப் பாத்திரம் உண்டு. கழுத்தில் மண்டையோட்டு மாலை, இரப்பர்போல் நீளும் கைகால்கள், வாயிலிருந்து தீ. உலகெங்கும் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் முதன்முதல் கையாண்ட இந்திய உடல் அதுவாகவே இருந்திருக்கக்கூடும். வேறாயிருத்தல் அங்கே ஒரு வேடிக்கைப் பொருள். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் கூடுதல் ஆற்றல். அவர் அந்த வேறுபாட்டைப் பயன்படுத்துகிறார், அதனுள் நுழைவதில்லை.

2014இல் வெளிவந்த ‘நெவர் அலோன்’ இந்நிலையை மாற்றியது. அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி மன்றத்தின் பங்கேற்போடு உருவான அவ்விளையாட்டில், கதைசொல்லியின் குரல் இனுபியாக் மொழியில் ஒலிக்கிறது. ஆட்டக்காரர் எழுத்துரையைப் படித்துக்கொண்டே தமக்குத் தெரியாத மொழிக்குச் செவிகொடுக்க வேண்டும். புரியாமை இங்கே ஆட்டக்காரரின் பக்கம் வந்துவிடுகிறது.

‘வெண்பா’ அவ்வழியில் இன்னும் ஓரடி எடுத்துவைக்கிறது. அதன் முதற்புதிர் இட்லி. தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் செல்லும் என்பதை ஆட்டக்காரர் கண்டறிய வேண்டும். தாயின் சமையற்குறிப்பேடு துணையாக இருக்கிறது. ஆனால் அது கிழிந்து, கறைபட்டு, வரிகள் அழிந்து கிடக்கிறது. எஞ்சிய சொற்களைக் கொண்டு அழிந்த சொற்களை ஊகிப்பதே ஆட்டம். இட்லியைச் சட்டியிலிருந்து எடுத்து உண்டு வளர்ந்தவருக்கு இது நொடிப்பொழுது வேலை. இட்லியையே அறியாதவர் தடுமாறுகிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு அந்த அடுக்களையில் வேறானவர் அவரே.

தமிழ் பயின்றோருக்கு இப்புதிரின் வடிவம் புதிதன்று. சிதைந்த ஏட்டிலிருந்து பாடத்தை மீட்டெடுப்பதே நம் பதிப்பு வரலாறு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செல்லரித்த சுவடிகளோடுதான் மல்லாடினார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு பல பாடல்கள் குறைபட்டே நிற்கின்றன. இல்லாத இடத்தை இல்லை என்று புள்ளியிட்டுக் காட்டுவதும், சூழலைக் கொண்டு பாடத்தைத் துணிவதும் பதிப்பாசிரியரின் பணி. வெண்பா தன் தாயின் ஏட்டைப் படிக்கும்போது செய்வதும் அதுவே. எவரும் பதிப்பிக்க எண்ணாத பெண்களின் கையெழுத்து ஏடொன்றை ஒரு விளையாட்டு மூலபாட ஆய்வுக்கு உரியதாக மதித்திருக்கிறது. இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

இனி ஆட்டக்காரர்களின் கருத்துகளுக்கு வருவோம். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, குடிபெயர்ந்தோர் வீடுகளில் வளர்ந்தவர்களுடையது. தமிழர் மட்டுமல்லர், பல மொழிகளைச் சேர்ந்தவர்களும் இது தம் தாயின் கதை என்கின்றனர். வீட்டு உணவைப் பள்ளியில் மறைத்ததும், தாய்மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை சொன்னதும் அவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டாம் வகை, ஆட்டத்தின் அளவு பற்றியது. ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தவறு செய்தாலும் தண்டனை இல்லை. இதை விளையாட்டு என்பதா, கதை என்பதா என அவர்கள் வினவுகின்றனர். மூன்றாம் வகை, கவின்மீது சினங்கொள்வோருடையது. தாயிடம் அவன் அவ்வாறு நடந்திருக்கலாகாது என்பது அவர்கள் தீர்ப்பு.

இரண்டாம் வகைக் கருத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆட்டம் குறுகியது என்பது உண்மை. ஆனால் அக்குறுமைக்குள் ஆண்டுகள் தாவித் தாவிச் செல்கின்றன என்பதும் உண்மை. ஓர் அத்தியாயத்தில் குழந்தையாக இருந்தவன் மற்றோர் அத்தியாயத்தில் வளர்ந்த ஆளாக நிற்கிறான். இடைப்பட்ட ஆண்டுகளை நாம் காண்பதில்லை. வெண்பாவும் அவற்றைச் சரியாகக் கண்டிருக்க மாட்டாள். மொழியிழப்பு இவ்வாறுதான் நிகழ்கிறது. எந்த நாளில் இழந்தோம் என்று எவராலும் சுட்ட இயலாது. மூன்றாம் வகையினரின் சினத்தில் எனக்கு உடன்பாடில்லை. பள்ளி செல்லும் சிறுவன் ஒருவன் தனியாக நின்று ஒரு சமூகத்தின் எடையைத் தாங்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

அச்சமூகம் எத்தகையது? கனடா 1971இல் பன்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தது. 1988இல் அதைச் சட்டமாகவே இயற்றியது. வெண்பாவும் பாவலனும் குடியேறியது ஏறத்தாழ அக்காலத்தில்தான். வேறுபாட்டைப் போற்றுவோம் என்று நாடாளுமன்றம் சொல்லிய நாட்டிலேயே ஒரு சிறுவன் தன் உணவிலிருந்தும் மொழியிலிருந்தும் விலகுகிறான். சட்டம் நாடாளுமன்றத்தில் இருக்கிறது; அவனை வேறானவனாக ஆக்கும் பார்வையோ பக்கத்து இருக்கையில் இருக்கிறது.

இங்கே ஒரு குறையையும் சுட்ட வேண்டும். டொராண்டோவின் தமிழ்ச் சமூகத்தைக் கட்டியெழுப்பியோரில் மிகப் பெரும்பாலோர் ஈழத்தமிழர். 1983க்குப் பின் போரினால் துரத்தப்பட்டவர்கள். 1986 ஆகத்தில், நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்டனர். பிட்டு அவர்களுடைய அன்றாட உணவு. விளையாட்டின் இரண்டாம் புதிரும் புட்டுதான். ஆயினும் அவர்கள் வரலாறு இக்கதையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒரு குடும்பத்தின் கதை எல்லாருடைய கதையும் ஆக வேண்டும் என்பதில்லை. எனினும் ‘தமிழர் அனுபவம்’ என்று இதைப் பாராட்டுவோர், தமிழருக்குள்ளேயே வேறாயிருத்தல் பலவகைப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

கொள்ளேகாலுக்கு இக்கதை ஏன் பொருந்துகிறது என்பதை இப்போது சொல்லலாம். வெண்பாவின் குடும்பம் எல்லையைக் கடந்து சென்றது. இங்கே குடும்பங்கள் இருந்த இடத்தில் இருக்க, எல்லை இடம்பெயர்ந்தது. 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கொள்ளேகால் ஆங்கிலேயர் வசமாகி, சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டமாக நெடுங்காலம் இருந்தது. வட்டத்தில் கன்னடம் பேசுவோரே மிகுதி. ஆகவே மாவட்ட அளவில் அவர்களே வேறானவர்கள். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பின்படி வட்டம் மைசூர் மாநிலத்துக்கு மாறியது. அன்று காலை முதல், இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வேறானவர்கள் ஆயினர். அவர்கள் பேச்சும் உணவும் முந்தைய நாள் இருந்தவாறே இருந்தன. மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சென்றது.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். மலைக்கு அப்பால் ஈரோடு மாவட்டத்தின் தாளவாடியில் கன்னடம் பேசும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் வாழ்கின்றன. கொள்ளேகாலின் தமிழ்ச் சிறுவனும் தாளவாடியின் கன்னடச் சிறுமியும் ஒரே கோட்டின் இருபுறத்துக் கவின்கள். இவ்வட்டாரத்தின் மலைகளில் வாழும் சோலிகர்களுக்கு இவ்விரு மொழிகளின் அரசுகளும் பின்னர் வந்தவை. ஒடெயர்பாளையத்தில் 1970களில் அமைந்த திபெத்தியர் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ இங்குள்ள எல்லாமே புதியவை. யார் வேறானவர் என்று இவ்வூரில் கேட்டால், எந்த ஆண்டில், எந்த மாவட்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

உணவின் வரலாறும் அவ்வாறே. ‘வெண்பா’வில் தமிழ் வீட்டின் அடையாளமாக நிற்கும் இட்லி, எழுத்துச் சான்றில் முதன்முதல் தோன்றுவது 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில், அங்கே அதன் பெயர் ‘இட்டலிகே’. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலிலும் அதன் வடிவமொன்று உண்டு. இதனால் இட்லி கன்னடருக்கே உரியது என்று ஆகிவிடாது. முதற்பதிவு வேறு, முதற்பிறப்பு வேறு. டொராண்டோப் பள்ளியில் ஒருவனைத் தனியனாக்கக்கூடிய உணவு, அவன் முன்னோர் நாட்டில் இரு மொழியினரின் பொதுச்சொத்து என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. சொற்களும் அத்தகையனவே. தமிழின் பால், புலி, பல் ஆகியன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என நிற்கின்றன. செவி, கிவி எனக் காணப்படுகிறது. ஒலி மாற்றத்தின் ஒழுங்கை அறிந்தவருக்கு இவை உறவின் சான்றுகள். அறியாதவருக்கு இவை ஏளனத்துக்குரிய உச்சரிப்புகள்.

மொழியியலில் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் விவாதத்துக்கு அடிப்படையாக உள்ளது. ஒரு மொழி வீட்டில் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்வதே அதன் உயிர்நிலை. பள்ளியும் ஊடகமும் அரசும் துணை நிற்கலாம், அதற்கு ஈடாக மாட்டா என்பது அவர் கருத்து. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்னும் 350அ பிரிவு, எல்லைகள் மாறிய அதே 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியாக நம் அரசமைப்பில் சேர்ந்தது. கோடு கிழித்தவர்கள் கோட்டின் விளைவை அறிந்தே இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் கனடாவின் சட்டத்தைப் போலவே இதுவும் அடுக்களை வரை நடந்து வருவதில்லை.

வளர்ந்த கவின் ஒருநாள் தாயின் சமையலைத் தானே செய்ய முயல்கிறான். ஆட்டக்காரர் பலர் கண்கலங்கியதாகச் சொல்லும் பகுதி அது. அவனுக்கு உதவுவது பெருமிதமன்று, ஓர் ஏடு. எவரோ எழுதி வைத்ததும், எவரோ பாதி காத்ததுமான ஏடு. அவன் நாணம் எப்போதோ அகன்றிருக்கலாம். ஏடு இல்லையேல், நாணம் அகன்ற பிறகும் அவன் திரும்பிச் செல்ல ஓரிடம் இருந்திராது.

ஆகவே முதுகலை, ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொள்ளேகால், அனூர், தாளவாடி வட்டாரங்களில் மூத்த பெண்களின் சமையற்குறிப்பேடுகளும், எழுதப்படாத அடுக்களைச் சொற்களும் இன்னும் எஞ்சியுள்ளன. ஒரே வீட்டில் தமிழ்ச் சொல் எது, கன்னடச் சொல் எது, இரண்டும் கலந்தது எது எனப் பதிவதற்கு ஒரு குறிப்புப் புத்தகமும் சில மாலைப் பொழுதுகளும் போதும். அவ்வீடுகளின் மொழியைத் தூய்மைப்படுத்த முயலாமல், கேட்டது கேட்டபடி எழுதுங்கள். படிக்க இயலாத இடத்தில் புள்ளியிடுங்கள்.