புதுக்கோட்டையில் ரெண்டு நிமிஷ ராத்திரி - 1871

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. இன்னிக்கு மழை, கரண்ட் வேற போயி போயி வருது. லேப்டாப்புல சார்ஜ் இருக்கிறவரைக்கும் தட்டிடறேன்.

என்கிட்ட ஸ்டெல்லேரியம்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம்தான். ஃபாபியன் ஷெரோங்கிற பிரெஞ்சுக்காரர் 2000-ல ஆரம்பிச்சது. ஊரையும் தேதியையும் நேரத்தையும் குடுத்தா, அந்த நேரத்துல அந்த ஊர் வானம் எப்படி இருக்கும்னு அப்படியே காட்டும். கேமராவோட லென்ஸ் அளவைச் சொன்னா, படத்துல நிலா எவ்வளவு பெரிசா விழும்னு ஒரு கட்டம் போட்டும் காட்டும். படம் எடுக்கிற ஆசாமிகளுக்கு இது பெரிய உதவி. மொட்டை மாடியில கொசுக்கடியில நின்னு ஃபிரேம் தேடவேண்டாம். எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே முடிவு பண்ணிட்டு மேல போகலாம்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்துக்கு அப்படித்தான் தயாரானேன். காசர்கோடு, கோயம்புத்தூர், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திரிகோணமலைன்னு ஒரு கோடு இழுத்த மாதிரி பாதை. நம்ம ஊரும் அதுக்குள்ள! திருக்கோகர்ணத்துல எங்க வீட்டு மாடியிலேர்ந்து ஒன்பதரை மணி வாக்குல வளையம் தெரியும்னு சாஃப்ட்வேர் சொல்லிடுச்சு. கிரகணத்துக்கு முந்தின வாரம் சும்மா இருக்காம, "இதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எப்போ?"ன்னு தேட ஆரம்பிச்சேன். அப்போ மாட்டினதுதான் 1871.

கொசுவத்தியைச் சுத்திக்குங்க. 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. புதுக்கோட்டை அப்போ தனி சமஸ்தானம், ராமச்சந்திர தொண்டைமான் ராஜா. ஊருக்கு ரயில் கிடையாது, அது 1929-லதான் வந்துச்சு. அன்னிக்குக் காலையில விடிஞ்சு ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்குமான்னு சந்தேகம், சூரியன் முழுசா மறைஞ்சு போச்சு. 2019 மாதிரி வளையம் இல்லை. முழு கிரகணம்.

அன்னிக்கு ஊர்ல ரெண்டு வெளிநாட்டுக்காரங்க அதைப் பாக்கறதுக்குன்னே வந்து உக்காந்திருந்தாங்க. பிரிட்டனிலேர்ந்து நார்மன் லாக்யர் தலைமையில ஒரு குழு வந்திருந்தது. 'நேச்சர்' பத்திரிகையை 1869-ல ஆரம்பிச்ச அதே லாக்யர்தான். அவர் குழுவைப் பிரிச்சு பேக்கல், மானந்தவாடி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திரிகோணமலைன்னு வரிசையா நிறுத்தினார். ஒரு இடத்துல மேகம் மறைச்சா இன்னொரு இடத்துல தெரியுமே, அந்தக் கணக்குதான். சென்னை வானாய்வகத்தோட போக்சன் அவிநாசியில இருந்தார். பிரான்ஸ்காரர் ஜான்சன் நீலகிரியில. இந்தப் பட்டியலையும் மேல சொன்ன 2019 பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 148 வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதே பாதை! ஆனா ரெண்டும் ஒரே குடும்பத்துக் கிரகணம் இல்லை. 18 வருஷம் 11 நாளுக்கு ஒருதடவை திரும்பி வர்ற சாரோஸ் கணக்குப்படி, 1871-க்கு நேர் வாரிசு 1980 பிப்ரவரி 16 கிரகணம்.

நம்ம ஊருக்கு வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் லொரென்சோ ரெஸ்பிகி, ரோமாபுரியில வானாய்வகத்துக்கு இயக்குநர். இன்னொருத்தர் ஹென்றி ஹாலிடே. அவர் விஞ்ஞானியே இல்லை, ஓவியர்! கண்ணாடி ஓவியங்கள் செய்யறவர். லூயிஸ் கரோல் 1876-ல வெளியிட்ட ஸ்னார்க் வேட்டைக் கதைப்பாட்டுக்குப் படம் போட்டவர் இவர்தான். அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி புதுக்கோட்டைக்கு வந்து சூரியனை வரைஞ்சுட்டுப் போயிருக்கார். எனக்கு இதைப் படிச்சப்போ தலையே சுத்திடுச்சு :-)

சரி, ரெஸ்பிகி மேட்டருக்கு வருவோம். சூரியனைச் சுத்தி இருக்கிற ஒளிவட்டத்துக்குப் பேர் கொரோனா. (அந்த வைரஸ் இல்லைங்க, அதுக்குப் பேர் வந்ததே இதைப் பாத்துத்தான்.) அது என்னதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. 1869-ல அமெரிக்காவுல தெரிஞ்ச கிரகணத்துல, கொரோனாவோட நிறமாலையில ஒரு பச்சைக் கோடு மாட்டுச்சு. தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் அது ஒத்துப்போகலை.

சாதாரணமா நிறமாலை பாக்கணும்னா ஒரு சின்ன பிளவு வழியா ஒளியை விடுவாங்க, அதனால கோடு கோடாத் தெரியும். ரெஸ்பிகி அந்தப் பிளவைத் தூக்கிப் போட்டுட்டு, தொலைநோக்கிக்கு முன்னாடி ஒரு முப்பட்டகத்தை வெச்சார். பிளவு இல்லைன்னா ஒவ்வொரு நிறத்துலயும் சூரியனோட முழு உருவமே தனித்தனியா விழும். முழு மறைப்பு வந்ததும் அவருக்குக் கோடுகளுக்குப் பதிலா வளையங்கள் தெரிஞ்சது. சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு. சிவப்பும் நீலமும் ஹைட்ரஜன். பச்சைதான் அந்த மர்மக் கோடு. அது வளையமாவே தெரிஞ்சதுன்னா என்ன அர்த்தம்? அந்த மர்மப் பொருள் ஏதோ ஒரு மூலையில இல்லை, சூரியனைச் சுத்தி எல்லாப் பக்கமும் பரவியிருக்கு. பேக்கல்ல லாக்யரும் இதே மாதிரி வளையங்களைப் பாத்தார்.

அந்தப் பொருளுக்குப் பிற்பாடு கொரோனியம்னு ஒரு பேரும் வெச்சாங்க. 1940-கள்ல ஸ்வீடன்காரர் எட்லன்தான் முடிச்சை அவிழ்த்தார். புதுத் தனிமமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நம்ம இரும்புதான்! 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அப்படி இழக்கணும்னா லட்சக்கணக்கான டிகிரி சூடு வேணும். சூரியனோட மேற்பரப்பே 6000 டிகிரிகிட்டதான், அதுக்கு வெளியில இருக்கிற கொரோனா எப்படி அதைவிடச் சூடா இருக்குன்னு இன்னிக்கும் ஆராய்ச்சி ஓடிக்கிட்டிருக்கு. அந்தக் கதையில ஒரு பக்கம் நம்ம புதுக்கோட்டையில எழுதினது.

ஸ்டெல்லேரியத்துல இதை ஓட்டிப் பாத்தப்போ மொதல்ல ஏமாந்தேன். படிச்ச நேரத்தை அப்படியே போட்டா பிறைச் சூரியன்தான் தெரியுது, இருட்டவே இல்லை. அப்புறம்தான் மண்டையில உறைச்சது. 1871-ல ஏதுங்க இந்திய நேரம்? அது 1906-ல வந்தது. அதுக்கு முன்னாடி அந்தந்த ஊர் சூரியன்தான் கடிகாரம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, புதுக்கோட்டை 78.8 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம்னா கிட்டத்தட்ட 15 நிமிஷ வித்தியாசம். இருட்டறதே சுமார் ரெண்டு நிமிஷம்தான், இதுல 15 நிமிஷம் தப்பினா என்னத்தைப் பாக்கிறது! சரி பண்ணிட்டு ஓட்டினேன். கிழக்கே சுமார் 20 டிகிரி உயரத்துல சூரியன் கறுத்துச்சு. மேல சுக்கிரன் பளிச்சுன்னு. சூரியனுக்கும் சுக்கிரனுக்கும் நடுவுல கேட்டை நட்சத்திரம். உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சேன். கொரோனான்னு அது காட்டறது ஒரு ரெடிமேட் படம். 1871 போட்டாலும் அதே, 1980 போட்டாலும் அதே. நெஜத்துல கொரோனா ஒவ்வொரு கிரகணத்துக்கும் வேற வேற உருவம். சூரியன் எங்க இருந்துச்சு, எத்தனை மணிக்கு மறைஞ்சதுன்னு கணக்குப் போட்டுப் பின்னாடி போயிடலாம். அன்னிக்கு அது எப்படி இருந்துச்சுங்கிறதுக்கு ஒருத்தர் பாத்து வரைஞ்சிருந்தாத்தான் உண்டு. ஒரு ஓவியரை எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தாங்கன்னு அப்போதான் புரிஞ்சுது. ஈரத் தகட்டுல படம் எடுத்த காலம் அது. கேமராவுக்குத் தப்பினது கண்ணுக்குத் தெரியும்.

இதுல எனக்கு ஒரு மனவருத்தமும் உண்டு. அன்னிக்கு ஊரே இருட்டுல நின்னிருக்கும். எல்லாருக்கும்தானே ரெண்டு நிமிஷம் ராத்திரி வந்துச்சு? நமக்குத் தெரியறது என்னமோ ரோமாபுரிக்காரர் பாத்ததும் லண்டன்காரர் வரைஞ்சதும்தான். ஏன்னா அவங்க எழுதி வெச்சாங்க. அதுக்கப்புறம் இந்த ஊருக்கு முழு கிரகணமே வரலை.

2019-க்கு வர்றேன். அன்னிக்குக் காலையில அப்பத்தா தாம்பாளத்துல தண்ணி ஊத்தி உலக்கையை நிக்க வெச்சுட்டு, "வெளிய போகாதய்யா, சொன்னாக் கேளு"ன்னு ஒரே பிடிவாதம். நான் மாடிக்குப் போய் ஃபில்டர் மாட்டின கேமராவுல படம் எடுத்தேன். போட்டு வெச்ச திட்டப்படியே கட்டத்துக்குள்ள கச்சிதமா விழுந்துச்சு. கீழ எட்டிப் பாத்தா முற்றத்துல வேப்பமர நிழல். இலை இடுக்கு ஒவ்வொண்ணும் ஊசித் துளை கேமரா மாதிரி வேலை செஞ்சு, தரை பூரா குட்டிக் குட்டி வளையம். "அப்பத்தா, மேல பாக்க வேணாம், கீழ பாரு"ன்னு கத்தினேன். கதவு இடுக்கு வழியா எட்டிப் பாத்துச்சு. அப்புறம் கதவு முழுசாத் திறந்துச்சு. வாசப்படியில நின்னுக்கிட்டே, "வளவி கொட்டுன மாதிரில்ல கெடக்கு"ன்னு சொல்லுச்சு.

நான் எடுத்த முப்பது நாப்பது படத்தை விட அந்த ஒரு வரி பெரிசுன்னு தோணுது. என் படம் மாதிரி இணையத்துல ஆயிரம் கிடைக்கும். வளவி எங்கயும் கிடைக்காது. அதான் இங்க எழுதி வெச்சுட்டேன்.

அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21, கேரளம், தென் தமிழ்நாடு வழியாப் போகுது. பாருங்க. பாத்துட்டு, உங்க வீட்டுப் பெரியவங்க என்ன சொன்னாங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. மத்த கணக்கையெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும்.

டிஸ்கி: வெறும் கண்ணால சூரியனைப் பாக்காதீங்க. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் ஆகாது. அதுக்குன்னே செஞ்ச ஃபில்டர் வேணும். இல்லாட்டி இருக்கவே இருக்கு வேப்பமரம் :-)