சிறு வணிகங்களின் கூட்டமைப்பு (பிரிட்டன்)

ஐக்கிய இராச்சியத்தில் சொந்தத் தொழில் செய்வோரையும் சிறு நிறுவன உரிமையாளர்களையும் உறுப்பினர்களாகக் கொண்டு, அவர்களுக்காக அரசிடம் வாதாடுவதோடு சட்ட ஆலோசனை முதலிய உதவிகளையும் வழங்கும் இவ்வமைப்பு, சொந்தத் தொழிலினரின் ஆதாயத்தின்மீது சுமத்தப்பட்ட தேசியக் காப்பீட்டுப் பங்களிப்புக்கு (சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயத் தொகை) எழுந்த எதிர்ப்பிலிருந்து 1974-இல் தோன்றியது. இதன் பெயரை நிலைநிறுத்தியது, வியப்புக்குரிய வகையில், ஒரு தோல்வியே. இலண்டன் ஃப்ளீட் தெருச் செய்தித்தாள் நிறுவனங்களில் பொய்ப்பெயர்களில் கூலி பெற்று வரி ஏய்த்த தற்காலிகத் தொழிலாளரின் பழைய பாக்கியை வருவாய்த் துறை வற்புறுத்தாமல் விட்டபோது, தன் உறுப்பினர்க்கு இத்தகைய தயவு கிடைப்பதில்லை எனக் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. பிறரது வரி விவகாரத்தில் அதற்குப் போதிய தொடர்பில்லை எனப் பிரபுக்கள் அவை 1981-இல் தீர்ப்பளித்தது. வழக்காடும் தகுதி, அதாவது பொது அமைப்புகளின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்தை யார் நாடலாம் என்ற வரையறை, குறித்து ஆங்கிலச் சட்ட நூல்கள் இன்றும் இவ்வழக்கையே முதன்மையாக எடுத்தாளுகின்றன.