இரண்டு வருஷத்து விதை

மக்காச்சோளக் கதிரில் நுனியில் இருக்கிற சின்ன மணிகளையும் அடியில் இருக்கிற பெரிய மணிகளையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் விதைக்க வேண்டும். இதைச் சொன்னவர் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா பழங்குடிப் பெண் ஒருவர். ஆங்கிலத்தில் பஃபலோ பேர்ட் வுமன் என்று அறியப்பட்டவர், பிறந்தது 1839 வாக்கில். கில்பர்ட் வில்சன் என்ற பாதிரியார் இந்தப் பாட்டியிடம் போய் உட்கார்ந்தார். பாட்டிக்கு ஆங்கிலம் கிடையாது. மகன் குட்பேர்ட் மொழிபெயர்த்துச் சொல்ல, வில்சன் எழுதிக்கொண்டார். மினசோட்டா பல்கலைக்கழகம் அதை 1917-இல் புத்தகமாகப் போட்டது. பழங்குடிகள் என்றாலே போரும் சடங்கும்தான் என்று ஆய்வாளர்கள் அலைந்த காலத்தில், ஒரு கிழவியிடம் தோட்டத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

ஹிடாட்சாக்களிடம் தோட்டம் பெண்களுடைய சொத்து. பாட்டி, அம்மா, சித்திகள், மகள்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே கொல்லையில் பாடுபடுவார்கள். மேட்டுப் புல்வெளியின் வேர்க்கட்டை எலும்பு மண்வெட்டியால் உடைக்க முடியாது. அதனால் ஆற்றோரத்து வண்டல் நிலம்தான். கோடை முடிவில் அங்கே ஒரே பரபரப்பு. பரண் கட்டி இளம்பெண்கள் காக்காய் ஓட்டுவார்கள், பயிருக்குப் பாட்டும் பாடுவார்கள். பரங்கிக்காயை எலும்புக் கத்தியால் வில்லை வில்லையாக நறுக்கி, வில்லோ மரக் குச்சியில் கோத்துக் காயவைப்பார்கள். நம்ம பக்கத்தில் சுரைக்காயைக் கொடியிலேயே முற்ற விடுகிற மாதிரி, விதைக்கு முற்றின காய்தான். வசந்தத்தில் முதலில் ஊன்றிய சூரியகாந்தியை எல்லாவற்றுக்கும் கடைசியில் அறுப்பார்கள்.

சோளத்தைக் குவித்து மட்டை உரிக்கும்போதே தேர்வு ஆரம்பித்துவிடும். நல்ல கதிர்களை மட்டையோடு விட்டு, சடை மாதிரிப் பின்னிவிடுவார்கள். ஒரு சடைக்கு 54, 55 கதிர். பின்னல் தாங்குமா என்று காலால் மிதித்து இழுத்துப் பார்ப்பது வழக்கம். அடுத்த வருஷத்து விதை இந்தச் சடைகளிலிருந்துதான். மணிக்குள் கருத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாராம் பாட்டி.

என்னை நிறுத்தி வைத்த இடம் அடுத்தது. புத்தியுள்ள குடும்பம் இரண்டு வருஷத்துக்கான விதையைக் கையில் வைத்திருக்கும் என்கிறார். உறைபனியோ வறட்சியோ வந்து ஒரு வருஷ விளைச்சல் மொத்தமும் போனாலும் ஜாதி அழியக் கூடாது. விதை தீர்ந்த வீட்டார் இவர்களிடம் வந்து வாங்கிப் போவார்கள். இது வெறும் சிக்கன புத்தி இல்லைங்க. இவர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1837-இல், பெரியம்மை வந்து அந்த ஆற்றங்கரைக் கிராமங்களைச் சூறையாடியது. எஞ்சியவர்கள் 1845 வாக்கில் புது ஊர் கட்டினபோது விதையும் கூடவே போனது.

இன்னொன்று. சோளம் 'பயணம் போகும்' என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு ரகத்தைப் பக்கத்தில் நட்டால் ஒன்றின் நிறம் மற்றதில் வந்துவிடும், அதனால் தள்ளித் தள்ளி நட்டார்கள். எந்தச் சக்தி அதைச் செய்கிறது என்று தெரியாது என்று பாட்டி வெளிப்படையாகவே சொல்கிறார். காற்றில் போகும் மகரந்தம்தான் அது. பெயர் தெரியாமலே அதை வேலிகட்டி வைத்திருந்தார்கள்.

சேமிப்பு மண்ணுக்குள். நாம் குதிரும் பத்தாயமும் வைத்தோம், இவர்கள் குழி தோண்டினார்கள். வாய் குறுகி வயிறு அகன்ற குழி, ஆழமானதற்கு ஏணி வேண்டும். சுவரோரம் காய்ந்த புல், அதையொட்டிச் சடைக் கதிர்கள், நடுவே உதிர்த்த சோளம். ஈரம் தாக்காமலிருக்க, காய்ந்த பரங்கி வில்லைகள் அந்தச் சோளத்துக்கு நடுவில்.

1880-களில் அரசாங்கம் ஊரைக் கலைத்து, குடும்பத்துக்கு இவ்வளவு நிலம் என்று பிரித்துக் கொடுத்தது. கலப்பையும் வெள்ளைக்காரர் விதையும் வந்தன. பாட்டிக்கு அது ஒட்டவே இல்லை. 1911-இல் அங்கிருந்த அரசு அதிகாரி விவசாயக் கண்காட்சி நடத்தினார். நல்ல சோளத்துக்கான முதல் பரிசு பாட்டிக்கு. நிலத்தை மட்டும் உழுதிருந்தார்கள், மற்றதெல்லாம் பழைய முறைப்படி மண்வெட்டியால்தான் செய்தேன் என்று வில்சனிடம் சொல்கிறார். சொல்லும்போது முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்த விதைகளில் சில வெளியேயும் போயின. பிஸ்மார்க் நகரத்து விதை வியாபாரி ஆஸ்கர் வில், இந்த மக்களிடமிருந்து வந்த பீன்ஸ் விதையிலிருந்து பொறுக்கிப் பெருக்கியதுதான் கிரேட் நார்தர்ன் பீன்ஸ். இன்றைக்கும் அமெரிக்க மளிகைக் கடைகளில் பாக்கெட்டிலும் டப்பாவிலும் இருக்கு. பெயரில் ஹிடாட்சா இல்லை, அதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்த பெண்களும் இல்லை.

பாட்டி 1932-இல் இறந்தார். 1953-இல் காரிசன் அணை மூடப்பட்டது. அந்த இடஒதுக்கீட்டுப் பகுதியில் 1,50,000 ஏக்கருக்கு மேல் அரசு எடுத்துக்கொண்டது. ஆற்றோரத்து வண்டல் தோட்டங்கள் எல்லாம் இப்போது சக்காகவியா ஏரிக்கு அடியில். ஜனங்கள் மேட்டுக்கு ஏறினார்கள், எலும்பு மண்வெட்டியால் உடைக்க முடியாமல் பாட்டிமார் விட்டுவைத்த அதே புல்வெளிக்கு.