மதகுக் கல்லில் தமிழ்



நல்லதண்ணியில் நான் பிறந்து வளர்ந்த லயத்தின் வாசலில் நின்றால் சிவனொளிபாதமலையின் உச்சி தெரியும். மார்கழிப் பௌர்ணமியில் பருவகாலம் தொடங்கிவிட்டால் வெசாக் வரை எங்கள் கடைத்தெரு உறங்காது. காலி, மாத்தறை, தங்காலை என்று பெயர்ப்பலகை மாட்டிய பஸ் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வெள்ளை உடுத்திய சிங்கள யாத்திரிகர்கள் எங்கள் கடைகளில் தேநீர் குடித்துவிட்டு மலையேறுவார்கள். ஆண்டுதோறும் அவர்கள் எங்கள் ஊரைப் பார்த்தார்கள். அவர்களுடைய ஊரை நாங்கள் பார்த்ததில்லை.

இந்தக் கடனைத் தீர்க்க எனக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது. பருவகாலம் முடிந்த பின் வந்த பாடசாலை விடுமுறையொன்றில் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஹட்டனில் புகையிரதம் ஏறி, கொழும்பு கோட்டையில் இறங்கி, மாத்தறை செல்லும் கரையோரப் புகையிரதத்தில் மாறிக்கொண்டோம். கோட்டை தாண்டிய சற்று நேரத்தில் கடல் யன்னலருகே வந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன் கூவிக் கைதட்டினான். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகளோ அவன் வாயைப் பொத்திவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டாள்:

"அப்பா, இங்க தமிழ்ல சத்தமாப் பேசலாமா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அப்படிப் பேசக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் 1977இலும் 1983இலும் தோட்டங்களில் நடந்தவற்றைக் கண்டவர்கள் நாங்கள். வெளியூர் பஸ்ஸில் ஏறியதும் எங்கள் குரல் தானாகத் தாழும். பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகிவிட்டார்கள். தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்கும் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. "பேசலாம் மகள்" என்றேன். அதை நானும் மெதுவாகத்தான் சொன்னேன்.

எங்கள் பயண வழியைப் பற்றி ஒரு வார்த்தை. இதே வழியில் ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் போயிருக்கிறார். மொரோக்கோ நாட்டுப் பயணியான இபன் பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து, பாதமலைக்கு அனுப்பிவைத்தான். துணைக்குப் போனவர்களில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணரும் இருந்தார்கள். ஒரு முஸ்லிம் யாத்திரிகர், இந்துக்கள் துணைவர, பௌத்தரும் வணங்கும் மலையில் ஏறினார். இறங்கியவர் தெற்கே தினாவர் என்ற பட்டினத்துக்குப் போனார். அங்கிருந்து காலிக்கும், பின் கொழும்புக்கும் சென்றார்.

அவர் சொன்ன தினாவர், மாத்தறைக்கு அப்பால் தீவின் தென்கோடியிலுள்ள இன்றைய தேவிநுவர. தமிழில் தெனாவரம் என்றும் தென்னாவரை என்றும் வழங்கியது. வணிகர் நிறைந்த பெரும் பட்டினம் என்றும், அங்கிருந்த கோயிலில் பிராமணரும் யோகிகளுமாக ஆயிரம் பேர் வரை இருந்தனர் என்றும் அவர் எழுதினார். காலியையோ சிறிய ஊர் என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார்.

நாங்கள் முதலில் தேவிநுவரவுக்குத்தான் போனோம். இபன் பதூதா கண்ட கோயில் இன்று இல்லை. 1588இல் போர்த்துக்கேயர் அதைக் கொள்ளையிட்டு இடித்துத் தீயிட்டனர். பழைய கருங்கற்றூண்கள் சில நிற்கின்றன. அருகே விஷ்ணு தேவாலயமும் விகாரையும் இருக்கின்றன. என் மனைவி கற்பூரம் ஏற்ற, பக்கத்தில் நின்ற சிங்கள அம்மையார் தம் தட்டிலிருந்த தாமரைகளில் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். மொழி தேவைப்படாத இடம் அது.

மறுநாள் காலிக் கோட்டை. இபன் பதூதாவின் சிறிய ஊர், ஐரோப்பியர் கையில் பெரிய ஊராயிற்று. 1640இல் ஒல்லாந்தர் அதைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று கொத்தளங்களுக்குப் பெயரிட்டுப் பெருமதில் எழுப்பினர். பழைய வாயிலின் உட்புறத்தில் அவர்களுடைய கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1885இல் கொழும்பு அலைதாங்கி கட்டி முடியும்வரை பெருங்கப்பல்கள் நாடிவந்த துறைமுகம் காலிதான். 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை காலி நகரைச் சூறையாடியபோது, கோட்டைக்குள் இருந்தவர்களை ஒல்லாந்தர் மதில்தான் பெரும்பாலும் காத்தது.

மதிலின்மேல் நடந்த களைப்புத் தீர, கோட்டைக்குள் ஒரு சின்னக் கடையில் சோடா வாங்கினோம். மகள் தம்பியிடம் ஏதோ கிசுகிசுத்தாள். தொப்பி அணிந்த முதிய கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகள், களவெடுத்தாப்போல பேசுறீங்க? நாங்களும் வீட்டுல தமிழ்தானே."

மகள் திகைத்துப் போனாள். எங்கிருந்து வருகிறோம் என்று அவர் கேட்டார். நல்லதண்ணி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "வாலிப வயசில பாவா ஆதம் மலைக்கு ஏறின நான். உங்கட ஊர்த் தண்ணி பனிக்கட்டிதான்!" என்றார். நாங்கள் சிவனொளிபாதம் என்பதும், சிங்கள மக்கள் ஸ்ரீபாதம் என்பதும், அவர் பாவா ஆதம் மலை என்பதும் ஒரே உச்சிதான்.

பிறகு பிள்ளைகளைக் கோட்டைக்கு வெளியே கிரிப்ஸ் வீதி திரும்பும் பக்கமாக அழைத்துச் சென்றேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் நான் காலிக்கு வந்ததே அந்த இடத்துக்காகத்தான். 1911ஆம் ஆண்டில் டொமலின் என்ற பொறியியலாளர் அங்கே ஒரு மதகை மூடியிருந்த பலகைக் கல்லில் எழுத்துகள் இருப்பதைக் கண்டார். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரண்டரை அடி அகலம். எத்தனை காலம் எத்தனை வண்டிகள் அதன்மேல் ஓடினவோ!

அது சீனத்திலிருந்து வந்த கல். மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லே காலத்தில், 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுப் பொறிக்கப்பட்டது. கடற்படைத் தளபதி செங் ஹோ அதைக் கப்பலில் கொண்டுவந்தார். அதில் மூன்று மொழிகள் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தபகவானைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயினாரைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய், விளக்குத்தண்டு என்று நீளும் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளது. சீனப் பகுதி சொல்லும் அளவு பொன் 1000, வெள்ளி 5000. யாருக்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதை வெறும் அன்பின் கதையாக்கிவிடக் கூடாது. அதே செங் ஹோவின் படைகள் 1411இல் அழகக்கோனார் என்ற இந்நாட்டு ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோயின. காணிக்கை வந்த கப்பலில் வாளும் வந்தது. அந்தக் கல்லைக் காட்டித் தென்கரையில் எங்களுக்கு உரிமைப் பத்திரம் கேட்பதும் பொருந்தாது. எங்கள் பாட்டன்மார் கோப்பிக்கும் தேயிலைக்குமாக வந்து சேர்ந்தது அதற்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர். கல்லில் இருப்பது துறைமுகத்துக்கும் வணிகத்துக்கும் வழிபாட்டுக்கும் பொதுவாக வழங்கிய தமிழ். ஆயினும் ஒன்று உறுதி. இக்கரையில் நின்று பேசினால் யாருக்குக் கேட்கும் என்று சீனப் பேரரசர் எண்ணியபோது, தெரிந்தெடுத்த மொழிகளில் தமிழும் ஒன்று.

அந்தத் தமிழை நமக்குப் படித்துத் தந்தவர் யார் தெரியுமா நேயர்களே? பேராசிரியர் செனரத் பரணவிதான. 1933இல் அந்தத் தமிழ்ப் பகுதியைப் பதிப்பித்து விளக்கம் எழுதியவர் அவர். அவர் பிறந்ததும் இதே காலிப் பகுதியில், மெத்தாரம்ப கிராமத்தில். தேவிநுவரக் கோயிலைப் பற்றித் தனிநூலும் 1953இல் எழுதினார். காலி மண்ணின் சிங்கள மகன் ஒருவர், மதகில் கிடந்த தமிழை எழுத்தெழுத்தாகப் படித்தார். இதை அந்த வீதியோரத்தில் நின்றே பிள்ளைகளுக்குச் சொன்னேன். இம்முறை என் குரலைத் தாழ்த்தவில்லை.

கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஊர் திரும்பும் வழியில் அங்கே இறங்கினோம். உச்சியில் இரண்டு நாகப்பறவைகளா என்று கேட்டான் மகன். சீனத்து டிராகன்கள் என்றேன். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். எழுத்துகள் தேய்ந்திருந்தன. மகள் கண்ணாடிக்கருகே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் தேடினாள். கடைசியில் ஓர் எழுத்து பிடிபட்டது.

"அப்பா! இது 'ன'வா, 'ந'வா?"

மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவனிக்கவில்லை. அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.