ஆற்று நீருக்கு அளவுகோல் தந்த அமைச்சர்

மலாக்காவின் வரலாறு என்றதும் துறைமுகமும் சுல்தான்களும் கோட்டையுமே நினைவுக்கு வருகின்றன. அம்மாநிலத்து இரப்பர்த் தோட்டத் தமிழரின் வரலாறோ, 1896ஆம் ஆண்டளவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைப் பயிரிட்டதிலிருந்து தொடங்குகிறது. பின்னர் செம்பனையும் வந்தது. பால் உறைய வைக்கும் ஆலையின் அமிலக் கழிவும், செம்பனை எண்ணெய் ஆலையின் கரிய கழிவும் ஓடைகள் வழியே ஆறுகளை அடைந்தன. மீன்கள் மடிந்தன, ஆற்றை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் அல்லலுற்றன.

இந்நிலையை மாற்றிய சட்டத்தோடு தொடர்புடையவர் ஓங் கீ ஹுய். 1914இல் கூச்சிங்கில் பிறந்த அவர், செர்டாங் வேளாண் கல்லூரியில் பயின்றவர். 1959இல் தோன்றிய சரவாக் ஐக்கிய மக்கள் கட்சியின் தலைவராக விளங்கியவர். 1970ஆம் ஆண்டுக்குப் பின் கூட்டரசு அமைச்சரவையில் இடம்பெற்றார். சுற்றுச்சூழல் என்னும் சொல் அமைச்சின் பெயரில் ஏறிய காலத்தில் அப்பொறுப்பை வகித்தவரும் அவரே. 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டை அடுத்து, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது.

சட்டம் எழுதுவது எளிது. அதை ஆலைகள் ஏற்கச் செய்வதே கடினம். ஒரே நாளில் ஆலைகளை மூடினால் தொழிலாளரின் அடுப்பும் அணையும். ஆகவே 1977ஆம் ஆண்டுச் செம்பனை எண்ணெய் ஆலை விதிகள் படிப்படியான வழியை வகுத்தன. தூய்மை செய்யப்படாத கழிவின் உயிர்வளித் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அது 1978இல் 5,000 ஆகவும், படிப்படியாகக் குறைந்து 1984இல் 100 ஆகவும் வர வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆற்றில் விடப்படும் கழிவுச் சுமைக்கு டன்னுக்கு 10 வெள்ளி வீதம் உரிமக் கட்டணமும் உண்டு. கழிவைக் குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களால் தூய்மை செய்யும் முறை ஆலைகளில் பரவியது. 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. காலமும் தந்து, கட்டணமும் விதித்த இந்த அணுகுமுறை, தொழிலையும் காத்தது, ஆற்றையும் காத்தது.

ஆயினும் அச்சட்டத்திற்கு எல்லையுண்டு. நிலமும் ஆறும் நம் அரசமைப்பில் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. நடுவண் அமைச்சர் கழிவுக்கு அளவு வகுக்கலாம். நீர்ப்பிடிப்புக் காட்டைக் காப்பது மாநிலத்தின் கையில் உள்ளது. நீர் வளத்தைப் பேணுவது எத்துணை இன்றியமையாதது என்பதை, டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வறண்டு மலாக்கா மக்கள் குடிநீருக்குத் தவித்த 1991ஆம் ஆண்டு உணர்த்தியது.

ஓங் கீ ஹுய் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தமிழரல்லர், மலாக்காவினரும் அல்லர். எனினும் அவர் காலத்து விதிகளின் பயன் அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களை ஒட்டிய ஓடைகளுக்கும் உரியது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். அவ்வதிகாரத்தை வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள், தம் பள்ளிக்கு அருகில் ஓடும் ஆற்றின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். பெற்றோரும் பாட்டன்மாரும் பயன்படுத்திய அந்நீர் எவ்வாறு கெட்டது, எவ்வாறு ஓரளவு மீட்கப்பட்டது என்பதை அறிந்த மாணவரே நாளை அதனைக் காக்க முன்வருவர்.