நாள் குறிக்கப்படாத பஞ்சம்

1876இல், தாது வருஷத்தில், பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளை வாட்டிய பட்டினியைத் தமிழர்கள் தாது வருஷப் பஞ்சம் என்றே சொல்லி வந்தார்கள். மாண்டவர்கள் குறைந்தது 55 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. அவர்களுக்கென்று இந்தியாவில் தேசிய நினைவு நாள் இல்லை.

வானம் பொய்த்த பழியை வானத்தின் மேல் போடலாம்; சாவுகளின் பழியை அப்படிப் போட முடியாது. கஞ்சிக்கு வழியின்றி ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதே தானியம் கப்பலேறியது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என அறிவித்தார். செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமந்த ஆணுக்கு நிர்ணயித்த கூலி சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும்தான். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. இது உயிரைத் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடிய பிறகே அளவு சற்று உயர்ந்தது.

எல்லா மாவட்டங்களும் ஒரே அளவில் அடிபடவில்லை. காவிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் திருச்சிராப்பள்ளிக்கு ஓரளவு காவலாக இருந்தன. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.67 லட்சம் பேர் இருந்த சேலம் மாவட்டத்தில், 1881இல் எஞ்சியவர்கள் 16 லட்சம். அதே பத்தாண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் 12 லட்சத்திலிருந்து 12.15 லட்சத்துக்குத்தான் நகர்ந்தது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நீயே புருஷ மேரு’ என்ற கீர்த்தனையைப் பாடினார். சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இந்தப் பஞ்சத்தைப் பாடிய நூல். இறந்தவர்களின் நினைவைக் காத்தவை இத்தகைய பாட்டுகளும் பாட்டிமார் பேச்சுமே.

வேறு சில நாடுகளில் அரசே இந்தப் பொறுப்பை ஏற்றது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு ஆண்டுதோறும் நினைவு நாள் நடத்த அயர்லாந்து 2008இல் முடிவெடுத்தது. முதல் நிகழ்ச்சி 2009 மே மாதம் ஸ்கிபரீனில் நடந்தது. உக்ரைன் 1932-33 பஞ்சத்தில் இறந்தவர்களை நவம்பர் நான்காம் சனிக்கிழமையில் நினைவுகூர்கிறது. 160 ஆண்டுகளுக்குப் பிறகும் அயர்லாந்து தன் பஞ்சத்துக்கு நாள் குறித்தது. 2026இல் தாது வருஷப் பஞ்சத்துக்கு 150 ஆண்டு நிறைகிறது. நிவாரணத்துக்கு 1880களில் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. இறந்தவர்களுக்கான அரசு அறிவிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.