கண்ணுக்குள் ஒரு கூடு

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரை, சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவராகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். லுத்தரன் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் கற்ற அம்மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவசாலையையும் பேணினார். கண்நோய்க்கு மருத்துவம் செய்வதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, செய்த மருத்துவத்தையும் குறித்துவைத்த ஏடுகள் அந்நூலகத்தில் உள்ளன.

ஆனால் எந்த ஓவியனாலும் எளிதில் வரைந்து காட்டமுடியாத குறையொன்று உண்டு. அது மாலைக்கண். பகலெல்லாம் வரப்பில் ஓடியாடும் பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவி நடக்கும். தொடக்கத்தில் கண் தெளிவாகவே தோன்றும்.

இதன் மர்மம் விழித்திரையில் இருக்கிறது. 1933இல் அங்கே வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தவர் ஜார்ஜ் வால்ட். 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆப்சின் என்னும் புரதம் ஒரு கூடு. அதற்குள் ரெட்டினால் என்னும் மூலக்கூறு, வளைந்த வடிவில், விருந்தாளியாக அமர்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் வளைவு நிமிர்கிறது. கூடும் வடிவம் மாற, மூளைக்குச் செய்தி போகிறது. நிமிர்ந்த விருந்தாளிக்கு அக்கூடு பொருந்தாது; வெளியேறி, மீண்டும் வளைக்கப்பட்டே திரும்பும். இச்சுழற்சியில் நேரும் இழப்பை உணவின் வைட்டமின் ஏ ஈடுசெய்யாவிடில் கூடுகள் வெறுமையாகும். மங்கிய ஒளியில்தான் அந்த வெறுமை தெரியும்.

இதே வித்தையை வேதியியலார் இன்று செயற்கைக் கூடுகளில் செய்து பார்க்கின்றனர். நம் நாட்டவரான வி. ராமமூர்த்தி, 1970களில் ஹவாயில் லியூ என்பவருடன் ரெட்டினாலின் வடிவங்களை ஆராய்ந்தவர். பின்னர் மியாமி பல்கலைக்கழகத்தில், நீரில் கரையும் கூட்டுக்குள் மூலக்கூறை அடைத்து ஒளியால் விடுவிக்கும் சோதனைகளை நடத்தினார். வேண்டிய இடத்தில் மட்டும் மருந்தை விடுவிக்கலாம் என்பது இத்துறையினரின் நம்பிக்கை; இன்னும் ஆய்வுக்கூடத்தின் வேலைதான்.

காவிரிப்படுகையை நெற்களஞ்சியம் என்கிறோம். அந்த அரிசிச் சோற்றில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம்! 1970இல் நடுவண் அரசு, பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மருந்தாகப் புகட்டும் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர நட்ட அகத்தியின் இலையில் அதற்கான சத்து நிறைய உண்டு, முருங்கையிலும் உண்டு. பல வீடுகளில் அகத்தி பசுவுக்கென்றே ஒதுங்கிவிட்டது. கீரையிலுள்ள அச்சத்து உடலில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும். நம் பாட்டிமார் தாளிக்க ஊற்றும் ஒரு கரண்டி போதும்.